துணையில்லாத எண்

மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு உளவியல் படிக்க வருகிறவர்களின் கையில் முதலாண்டிலேயே புள்ளியியல் தாளைக் கொடுத்துவிடுவார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் சென்னையில் நான் முதுகலையில் சேர்ந்தபோதும் அப்படித்தான் நடந்தது. எங்கள் வகுப்பில் பலர் கணக்குக்குப் பயந்து பள்ளியிலேயே கலைப் பிரிவுக்குப் போனவர்கள். கனவுகள், மனநோய்கள், ஃப்ராய்ட் என்று எதிர்பார்த்து வந்த எங்களுக்குக் கிடைத்தது ஹென்றி காரெட் எழுதிய 'உளவியலிலும் கல்வியிலும் புள்ளியியல்'. 1926-இல் அமெரிக்காவில் முதலில் வெளிவந்த நூல் அது. பம்பாயிலிருந்து வந்த அதன் இந்தியப் பதிப்பை அந்தக் காலத்தில் நம் நாட்டில் உளவியல் படித்த ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது புரட்டியிருப்பார்கள். பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய பிரதியில் முந்தைய மாணவர் யாரோ பக்க ஓரமெல்லாம் பென்சிலால் கூட்டிக் கழித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நீண்டகாலம் மருத்துவமனையில் உளவியலாளராக இருந்தேன். மாணவர்களுக்கும் பாடம் சொல்லி வருகிறேன். நான் படித்த தாள்களில் மனிதர் மீது அதிக அக்கறை கொண்ட தாள் எது என்று கேட்டால், புள்ளியியல் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்வதற்கான காரணங்கள் ஒரே நாளில் பிடிபட்டவை அல்ல.

எங்களுக்கு அந்தத் தாளை எடுத்த பேராசிரியை முதல் வாரம் காரெட்டைத் திறக்கவே விடவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய் முல்லர்-லையர் பலகையைக் கையில் கொடுத்தார். 1889-இல் ஃபிரான்ஸ் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் விவரித்த கண்மயக்கம் அது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறிபோல உள்ளே மடங்கிய சிறகுகள், மற்றதன் முனைகளில் வெளியே விரிந்த சிறகுகள். விரிந்த சிறகுள்ள கோடு நீளமாகத் தெரியும். பலகையின் ஒரு பகுதியை நகர்த்தி, இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். பின்பக்கம் திருப்பினால், கண் எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தது என்று அளவுகோல் சொல்லிவிடும்.

எல்லோரும் அளந்து முடித்ததும் அவர் கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதினார். முதல் வரிசை: 17, 19, 20, 21, 23. இரண்டாவது: 4, 10, 20, 30, 36. "இது ரெண்டும் ரெண்டு குழுவோட பிழைன்னு வச்சுக்குங்க. சராசரி போடுங்க" என்றார். போட்டோம். இரண்டுக்கும் 20.

"அப்ப ரெண்டு குழுவும் ஒண்ணுதானா?"

இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுதச் சொன்னார். முதல் வரிசைக்கு -3, -1, 0, 1, 3. கூட்டினால் பூஜ்யம். இரண்டாவது வரிசைக்கும் பூஜ்யம். எந்த வரிசையை எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும். சராசரி நிற்கும் இடமே அப்படிப்பட்டது, இருபக்க விலகல்களும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். அதனால்தான் விலகல்களை வர்க்கப்படுத்துகிறோம் என்று அவர் சொன்னபோது, சூத்திரத்தில் அந்த வர்க்கம் ஏன் இருக்கிறது என்பது முதன்முறையாகப் புரிந்தது. வர்க்கங்களைக் கூட்டி, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தோம். அதற்கு கிளார்க் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருந்தது. முதல் குழுவின் திட்ட விலக்கம் 2. இரண்டாவதற்கு ஏறக்குறைய 12. சில வாரம் கழித்து, ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு முழுமைத்தொகுதியை மதிப்பிடும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும் என்றும் சொல்லித் தந்தார். மாதிரியின் விலகல்களை அதன் சொந்தச் சராசரியிலிருந்தே அளப்பதால் பரவல் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அந்த ஒன்று.

அன்றிலிருந்து ரெக்கார்டு நோட்டில் யாராவது வெறும் சராசரியை மட்டும் எழுதிக் கொண்டுபோனால், நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, "ஏம்மா, இது மட்டும் தனியா வந்திருக்கே, துணைக்கு யாரு?" என்று கேட்பார். இருட்டிய பிறகு வெளியூர் புறப்படும் பிள்ளையைக் கேட்பதுபோல அத்தனை கவலையோடு அந்தக் கேள்வி வரும். பரவலைச் சொல்லாமல் சராசரியைச் சொல்லக் கூடாது, மாதிரியின் அளவைச் சொல்லாமல் சதவீதத்தைச் சொல்லக் கூடாது, பிழையைச் சொல்லாமல் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. அந்த ஆண்டு முழுவதும் அவர் நடத்தியது இந்த ஒரு பாடத்தைத்தான், அத்தியாயங்கள்தான் மாறின.

கருதுகோள் சோதனைக்கு வந்தபோது அவர் ரொனால்டு ஃபிஷரின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷர் வேலை பார்த்த காலம். அங்கே பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்றாராம். அதை எப்படிச் சோதிப்பது என்ற யோசனையை 1935-இல் வெளிவந்த 'சோதனைகளின் வடிவமைப்பு' நூலில் ஃபிஷர் ஓர் அத்தியாயமாகவே எழுதினார். கதையைச் சொல்லி முடித்ததும், எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர் அண்ணனைப் பேராசிரியை உள்ளே கூப்பிட்டார். டிகாக்‌ஷன் முதலில் விட்ட காபிக்கும் பால் முதலில் விட்ட காபிக்கும் ருசி வேறு, தனக்குத் தெரியும் என்று அவர் அடிக்கடி சொல்வது துறை முழுக்கத் தெரிந்த விஷயம்.

எட்டு எவர்சில்வர் டம்ளர்கள். நான்கில் பால் முதலில், நான்கில் டிகாக்‌ஷன் முதலில். எந்த வரிசையில் வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். "நாமளே வரிசை போட்டா நம்மை அறியாம ஒரு ஒழுங்கு வந்துடும், அவர் அதைப் பிடிச்சிடலாம். குலுக்கிட்டா அந்தச் சந்தேகமே இல்லை" என்றார் பேராசிரியை. தடுப்புக்குப் பின்னால் கலந்து, ஒரே சூட்டில், ஒரே அளவு சர்க்கரையோடு கொண்டுவந்தோம். அட்டெண்டர் அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: டிகாக்‌ஷன் முதலில் விட்ட நான்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

அவர் ருசிபார்ப்பதற்கு முன்பே நாங்கள் கணக்குப் போட வேண்டியிருந்தது. எட்டிலிருந்து நான்கை எடுக்க 70 வழிகள். ஒன்றும் தெரியாமல் எடுத்தாலும் நான்கும் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு. மூன்று சரியாக அமைய 16 வழிகள். ஆக மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70-இல் 17, ஏறக்குறைய நூற்றுக்கு 24. எந்த முடிவு வந்தால் என்ன சொல்வோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பில் வரக்கூடிய முடிவு என்றால்தான் அவருடைய திறமையை ஒப்புக்கொள்வது. 1925-இல் ஃபிஷர் வசதி கருதிச் சொன்ன எல்லை அது, வானத்திலிருந்து இறங்கியதல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு டம்ளரையும் நிதானமாக உறிஞ்சி, இடையிடையே தண்ணீர் குடித்து, நான்கைத் தள்ளி வைத்தார். சீட்டைப் பிரித்துப் பார்த்தோம். மூன்று சரி, ஒன்று தவறு.

வகுப்பில் ஒருத்தி எழுந்து, "அப்ப இவருக்குத் தெரியாதுன்னு நிரூபணமாயிடுச்சா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. தெரியும்னு ஒப்புக்க இந்த எட்டு டம்ளர் போதலை. அவ்வளவுதான் சொல்ல முடியும். தெரியாதுன்னு இது எங்கேயும் சொல்லலை."

அதுவரை பேசாமல் நின்ற அட்டெண்டர் அண்ணன், "ஒரு நாள் இருபது டம்ளர் வைங்கம்மா, அப்பப் பாருங்க" என்றார். பேராசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. சிறிய மாதிரியில் உண்மையான திறமைகூடத் தெரியாமல் போய்விடும், மாதிரி பெருகினால்தான் அதைக் கண்டுபிடிக்கும் வலிமை சோதனைக்கு வரும் என்ற கருத்து பாடத்திட்டத்தில் கடைசியில் இருந்தது. அதை அன்றே அட்டெண்டர் அண்ணன் சொன்ன அந்த வாக்கியத்தை வைத்தே நடத்தி முடித்தார்.

மாணவர்களுக்கு இந்தப் பாடம் இன்றைக்கும் வழுக்குகிறது. பி-மதிப்பு 0.03 என்றால், இன்மைக் கருதுகோள் (விளைவு எதுவும் இல்லை என்ற அனுமானம்) உண்மையாக இருக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது சொல்வது வேறு: இன்மைக் கருதுகோள் உண்மை என்றே வைத்துக்கொண்டால், நம் கைக்கு வந்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய தரவு கிடைக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. அந்த '70-இல் 17' அட்டெண்டர் அண்ணனின் நாக்கைப் பற்றிய எண்ணே அல்ல. நாக்குக்கு எந்தத் திறமையும் இல்லை என்று கொண்டால் டம்ளர்கள் எப்படி விழும் என்பதைப் பற்றியது. அந்தக் காட்சியை நேரில் பார்த்ததால் எனக்கு இந்த வித்தியாசம் மறக்கவில்லை. அதனால் என் வகுப்பிலும் இதைக் காபியை வைத்தே நடத்துகிறேன்.

காரெட்டைப் பற்றி நான் முழுதாக அறிந்துகொண்டது படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கழித்து. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக்குத் தலைமை வகித்தவர், 1946-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் என்பதெல்லாம் முன்பே தெரியும். 1952-இல் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுன்டி வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் வைத்திருப்பதற்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர் அதே காரெட் என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னாளில், கறுப்பினத்தவர் பிறவியிலேயே அறிவில் குறைந்தவர்கள் என்றும் எழுதினார். அந்த வழக்கில் அவருக்கு மறுப்பாகச் சாட்சி சொன்னவர் மேமி ஃபிப்ஸ் கிளார்க். கொலம்பியாவில் காரெட்டின் வழிகாட்டலிலேயே முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண். அந்த வழக்கும் சேர்ந்ததுதான் 1954-இல் வந்த பிரவுன் தீர்ப்பு. இனப் பிரிவினைப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது.

என் அலமாரியில் அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறது. திட்ட விலக்கத்தை அத்தனை தெளிவாகக் கற்றுக்கொடுத்தவர் பரவலை மறந்து பேசினார் என்பது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. காரெட் மட்டுமல்ல. ஒட்டுறவு என்ற கருத்துக்கு வழிவகுத்த ஃபிரான்சிஸ் கால்டன், அதற்குச் சூத்திரம் தந்த கார்ல் பியர்சன், ஃபிஷர் ஆகிய மூவருமே இனமேம்பாட்டுவாதத்தில் நம்பிக்கை வைத்தவர்கள். அவர்களுடைய கருவிகளைக் கொண்டே அவர்களுடைய முடிவை மறுக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறுதல். இரண்டு குழுக்களின் சராசரிகள் ஒரு முழுத் திட்ட விலக்கம் அளவுக்கு வேறுபட்டாலும், இயல்நிலைப் பரவலில், கீழே உள்ள குழுவில் நூற்றுக்கு 16 பேர் மேலே உள்ள குழுவின் சராசரியைத் தாண்டி நிற்பார்கள். குழுவின் பெயரைக் கேட்டு ஒரு பிள்ளையின் இடத்தைச் சொல்ல யாராலும் முடியாது. அந்த இடைவெளி ஏன் வந்தது என்பதையும் இடைவெளியே சொல்லாது. பள்ளி, சாப்பாடு, வீட்டில் பேசும் மொழி, தேர்வை எழுதியவர் யார் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். "அந்தப் பக்கத்துப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சாதியை மனதில் வைத்துச் சொல்பவர்களை என் வேலைக்காலத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காகிதம் எடுத்து இரண்டு மணிவளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரைந்து காட்டியிருக்கிறேன்.

மருத்துவமனை வேலையில் இந்தப் படிப்பு எனக்கு அன்றாடம் தேவைப்பட்டது. நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று வரையறுத்திருப்பார்கள். இரண்டு திட்ட விலக்கம் கீழே இறங்கினால் 70. அறிவுசார் குறைபாட்டுக்குப் பல இடங்களில் அதையே எல்லையாகக் கொள்வார்கள். சான்றிதழ் கிடைத்தால் மாத உதவித்தொகை, தேர்வுச் சலுகை, பஸ் பாஸ். கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை அந்தக் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும்.

ஒரு சிறுவன் நினைவில் நிற்கிறான். அம்மா கூலி வேலை பார்ப்பவர். விடிய விடிய பஸ்ஸில் பயணம் செய்து அவனை அழைத்து வந்திருந்தார். பையன் கட்டைகளை அடுக்கும்போது கண் செருகியது. இரண்டு இட்லி சாப்பிட வைத்து, கொஞ்ச நேரம் தூங்கவிட்டு, மறுபடி உட்கார வைத்தேன். மதிப்பெண் 72 வந்தது. அம்மா கேட்டார்: "டாக்டரம்மா, இன்னொரு நாள் கூட்டியாந்தா இந்த நம்பர் மாறுமா?"

அளவீட்டின் திட்டப் பிழை என்ற பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சோதனையின் நம்பகத்தன்மை 0.91 என்றால், அதை ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 15-ஆல் பெருக்க வேண்டும். 4.5 வரும். இருபுறமும் அதைப்போல இரண்டு மடங்கு விட்டால், 72 என்பது 63-க்கும் 81-க்கும் இடையில் எங்கோ என்று பொருள். "மாறலாம்மா. கொஞ்சம் ஏறலாம், கொஞ்சம் இறங்கலாம். இந்த ஒரு நம்பரை வச்சு உங்க பிள்ளையை முடிவு பண்ண மாட்டேன்" என்றேன். அறிக்கையில் மதிப்பெண்ணோடு அந்த எல்லைகளையும் எழுதினேன். அவன் தானே சட்டை பட்டன் போடுகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குகிறானா, தனியே தெருவைக் கடக்கிறானா என்று அம்மா சொன்னதையெல்லாம் சேர்த்தேன். மருத்துவக் குழுவில் ஒருவர், ஒரே எண்ணாகக் கொடுங்கள், எதற்கு இந்த வீச்சு என்று கேட்டார். கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டினேன். குழு அறிக்கை முழுவதையும் படித்துத்தான் முடிவெடுத்தது. பையனுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, 2014-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தை ஓர் உயிர் தொங்கும் வழக்கில் பேசியது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்பது அங்கே 2002-இலேயே தீர்ந்த விஷயம். ஃபுளோரிடா மாநிலம், மதிப்பெண் 70-க்கு மேல் ஒன்று கூடினாலும் வேறு சான்றுகளைப் பார்க்கவே மாட்டோம் என்று வைத்திருந்தது. மரண தண்டனைக் கைதியான ஃபிரெடி லீ ஹால் 71 எடுத்திருந்தார். 71 என்பது ஒரு புள்ளியல்ல, 66-இலிருந்து 76 வரையிலான வீச்சு என்று சொல்லி, அந்த இறுக்கமான கோட்டை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் தள்ளினார்கள். அந்தத் தீர்ப்பை என் மாணவர்களுக்கு வரிக்கு வரி படித்துக் காட்டுகிறேன். வாய்பாடாக மனப்பாடம் செய்த ஒன்று ஒருவரின் உயிரைக் காக்கும் வாதமாக நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

நம் துறையும் தன்னைத் தானே அளந்து பார்த்தது. 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கூட்டாய்வு, உளவியலின் முன்னணி இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 0.05 எல்லைக்குள் வந்தவை. மறுமுறையில் அப்படி வந்தவை 36 சதவீதம். சிறிய மாதிரிகள், வந்த முடிவுக்கு ஏற்ப மாற்றிய கருதுகோள்கள், வெற்றி பெற்றதை மட்டும் அச்சிடும் பழக்கம் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. அதைப் படித்தபோது, காபி கலப்பதற்கு முன்பே எங்கள் பேராசிரியை கையெழுத்து வாங்கியது ஏன் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. ஆய்வுத் திட்டத்தை முன்பதிவு செய்யுங்கள் என்று இன்று இதழ்கள் கேட்பது அதைத்தான்.

இப்போது மாணவர்கள் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளைத் திறந்து, இரண்டு சொடுக்கில் ஒட்டுறவு போட்டு, "மேடம், ஸ்டார் வந்திருச்சு" என்று மகிழ்ச்சியோடு ஓடி வருகிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் பிடிக்கும். முதலில் தரவை வரைந்து பார்த்தீர்களா என்று கேட்பேன். 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் வெளியிட்ட நான்கு தொகுதிகளைத் திரையில் காட்டுவேன். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். சராசரிகளும் ஒட்டுறவும் நான்கிலும் ஒன்றே. வரைந்தால் ஒன்று சாய்ந்து சிதறும், ஒன்று வில்லாக வளையும், மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி முழுக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கும்.

என் மாணவர்கள் எழுதும் ஒவ்வொரு சோதனை அறிக்கையிலும் இரண்டு விஷயம் கட்டாயம். மதிப்பெண்ணோடு அதன் வீச்சு இருக்க வேண்டும். அந்த வீச்சின் பொருளைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் ஒரு பத்தியாக எழுதியிருக்க வேண்டும். அந்தப் பத்தி இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைப் பெற்றவர்களிடம் மறைக்காமல் சொல்வது உளவியலாளரின் முதல் கடமை. அந்தத் தெரியாததற்கு ஓர் அளவு கண்டு அதை எழுதவும் கற்றுத் தருவது புள்ளியியல். அதனால்தான் அது முதலாண்டிலேயே வருகிறது, வரத்தான் வேண்டும்.